பதினைந்து சவரன் மைதா

திண்டிவனத்தில் நகைக்கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மதிப்பீட்டாளராக வேலை பார்க்கும் சித்தார்த்தனுக்கு, எடை என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது சவரன்தான். கிலோவும் கிராமும் மற்றவர்களுக்கு. அரைக் கிலோ தக்காளி வாங்கி வரச் சொன்னால், அறுபத்திரண்டரைச் சவரன் என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார். மகள் பிறந்த அன்று, பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ் "பொண்ணு, மூணு கிலோ" என்று சொன்னதும், பூரித்துப்போய் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா! முந்நூத்தி எழுவத்தஞ்சு சவரன்!" என்றார். மாமனார் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அது சீர் அல்ல, பேத்தியின் எடை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் ஒரு சோடா செலவாகிவிட்டது.

இத்தனைக்கும் சித்தார்த்தன் தங்கத்தில் புரண்டு வளர்ந்தவர் இல்லை. மண்டகப்பட்டில் அப்பா கண்ணையன் மற்றவர் நிலத்தில் கரும்பு வெட்டப் போனவர். வீட்டில் தங்கம் என்று பார்த்தது அம்மாவின் தாலிக்குண்டு இரண்டுதான். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் அடகுக்கடையில் ரசீது எழுத ஆள் கேட்டார்கள். ரசீது எழுதப் போனவர், உரைகல்லில் உரசுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, இரண்டு வருஷத்தில் முதலாளியே "இத நீ ஒருவாட்டி பாருப்பா" என்று நகையை நீட்டும் அளவுக்கு வந்துவிட்டார். இப்போது கம்பெனியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருக்கென்று தனி நாற்காலி. கல் வைத்த நகை வந்தால் கல்லின் எடையைக் கழிப்பார், அரக்கு இருந்தால் அரக்கைக் கழிப்பார், அழுக்கு இருந்தால் அதையும் கழிப்பார். மிச்சம் எதுவோ அதுதான் நிகர எடை. மனிதர்கள் விஷயத்திலும் அவர் கொள்கை அதுதான்.

அவர் மனைவி கலையரசியின் உலகம் வேறு. அவளுக்கு எல்லாமே கப். கிடங்கலில் இருக்கும் வீட்டில் ஓர் ஓவனை வைத்துக்கொண்டு, சொல்லி வைத்தவர்களுக்கு கேக் செய்து கொடுப்பாள். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கிறிஸ்துமஸ், கட்சிக்காரர் வெற்றி என்று எதற்கும் செய்வாள். மகள் அஸ்வினி சென்னைக்கு நர்சிங் படிக்கப் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட, செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. மைதா ரெண்டு கப், சர்க்கரை ஒன்றரை கப், தயிர் ஒரு கப், எண்ணெய் முக்கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன். அவ்வளவுதான் அவள் வேதம்.

அந்த கப், கல்யாணத்துக்கு வந்த ரைஸ் குக்கரோடு கூட வந்த பிளாஸ்டிக் கப். குக்கர் எப்போதோ புகைந்து பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கப் மட்டும் நின்றது. அதன் உள்பக்கத்துக் கோடுகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. கலையரசிக்குக் கோடுகள் தேவைப்படவில்லை.

மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சித்தார்த்தன் வீட்டுக்கு வந்தபோது, சமையலறையில் ஒரு மாதிரி கருகிய நாற்றம். கலையரசி கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓவனிலிருந்து எடுத்த தட்டைச் சூட்டோடு மேடையில் வைத்திருக்கிறாள். தட்டுக்கு அடியில் கப் இருந்திருக்கிறது. இப்போது அது கப் இல்லை. மிதிபட்ட தவளை மாதிரி ஏதோ ஒன்று.

"வெள்ளிக்கிழம கோவிந்தம்மா டீச்சருக்கு ஆறு கிலோ கேக்கு. இன்னாங்க பண்றது இப்ப?" என்றாள் கலையரசி.

கோவிந்தம்மாள் அங்கன்வாடி டீச்சர். கிடங்கலில் பாதிப் பேருக்கு மூக்கைத் துடைத்துவிட்டவர். பணி ஓய்வு பெறுகிறார் என்று தெருவே சேர்ந்து சமுதாயக் கூடத்தில் விழா எடுக்கிறது. கேக் கெட்டால் கலையரசி அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

சித்தார்த்தன் பதறவில்லை. பீரோவிலிருந்து தன் சொந்தத் தராசை எடுத்து வந்தார். கறுப்புப் பெட்டியில் பஞ்சு மெத்தைக்குள் இருக்கும் சின்ன டிஜிட்டல் நகைத் தராசு. உருகிய கப்பைச் சுரண்டி எடுத்து அதில் வைத்தார்.

"பாரு. இருவத்திநாலு கிராம். மூணு சவரன். போன வருசம் ஒரு நாளு சும்மா போட்டுப் பாத்தேன், அப்பவும் மூணு சவரன்தான்."

"அதுக்கு?"

"எடை அப்டியே கீது கலை. அளவுதான் போயிடுச்சு. இதுலயிருந்து இன்னா தெரியுது? அளவு நம்மள வுட்டுட்டுப் போயிடும். எடை போவாது. இனிமே கப்பே வேணாம். எல்லாத்தியும் எடைக்கு மாத்திடலாம்."

கலையரசி அந்தத் தவளையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "சரி, மாத்துங்க. ஒரு கப்பு மைதா எத்தினி கிராமு?"

சித்தார்த்தன் தராசைத் தன் பக்கம் இழுத்தார். அப்போதுதான் உறைத்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கப் வேண்டும்.

செல்போனில் தேடினார். ஒருவன் கப் என்றால் இருநூற்று நாற்பது மில்லி என்றான். இன்னொருவன் இருநூற்றைம்பது என்றான். ரைஸ் குக்கர் கப் என்றால் நூற்றெண்பது என்று மூன்றாவது ஒருவன் சொன்னான். அதை நம்பலாம் என்று பார்த்தால், கீழேயே ஒரு பெண்மணி "என் குக்கர் கப் நூற்றறுபதுதான் பிடிக்கிறது" என்று சண்டை பிடித்திருந்தாள். பாத்திரக்கடையில் விற்கும் அளவுக் கப் செட்டை வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்குக் கலையரசி, "அது யாரு கப்போ. என் கப்பு இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அதே கப் இன்னொன்று உலகத்தில் எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. தராசைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சித்தார்த்தன்தான் மெல்ல ஆரம்பித்தார். "அன்பு கிட்ட கீதே."

சித்தார்த்தனின் தங்கை அன்புச்செல்வி. விழுப்புரத்தில் இருக்கிறாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாசத்தில் கல்யாணம் நடந்தது. பெரியப்பா சவுரிராயன் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு குக்கர் வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஆனால் கலையரசியும் அன்புச்செல்வியும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அன்புச்செல்வி வீடு கட்டிக் குடிபோன அன்று கலையரசி கேக் செய்து எடுத்துப் போயிருந்தாள். ஒரு துண்டைச் சாப்பிட்டுப் பார்த்த அன்புச்செல்வி, வெள்ளை மனசோடு, "நல்லாத்தான் கீது அண்ணி. டீயில தொட்டு சாப்ட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். ரஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதை கேக்கைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கலையரசி மிச்ச கேக்கை மூடி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் நடுவில் தகவல் போக்குவரத்தெல்லாம் சித்தார்த்தன் வழியாகத்தான். அங்கே சொன்னதில் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டு, நிகர எடையை மட்டும் இங்கே சொல்வார்.

"நான் கேட்டேன்னு சொல்லக் கூடாது" என்றாள் கலையரசி. அதற்கு அர்த்தம், போய் வா.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, தராசுப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சித்தார்த்தன் பஸ் ஏறினார். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருவர் மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்த சந்தனத் தலையோடு அவர் தோளிலேயே தூங்கிப்போனார். விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் சித்தார்த்தன் அசையவில்லை. தலையைக் காப்பாற்ற அல்ல, தராசைக் காப்பாற்ற.

கதவைத் திறந்த அன்புச்செல்விக்கு ஆச்சரியம். "வாண்ணா! இன்னா திடீர்னு? ஒரு போனு கூட பண்ணல?" என்றவள் துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்த பெட்டியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். கை தானாகக் கழுத்துச் செயினுக்குப் போனது. "எதுனா கஷ்டமாண்ணா? எதுவா இருந்தாலும் சொல்லு. இத எடை போட்டுக்கோ. அவரு கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"உன் செயின் யாருக்கு வேணும்? உன் ரைஸ் குக்கர் கப்ப எடு."

அன்புச்செல்வி அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் காலம். யாருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. பிறகு ஒன்றும் கேட்காமல் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுக் கப்பை எடுத்துக் கொடுத்தாள். அதே கப். கோடுகள் கூடப் பாதி தெரிந்தன. சித்தார்த்தன் அதை ஒரு குழந்தையை வாங்குவது போல வாங்கி, கழுவித் துடைத்தார்.

சாப்பாட்டு மேசையில் தராசை வைத்தார். ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். "காத்து பட்டா எடை ஆடும்" என்றார். விழுப்புரத்து மே மாதம் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தாங்க முடியாமல் ஒரு தட்டை எடுத்து விசிறிக்கொண்ட தங்கையை, "அன்பு, ஆடுது, ஆடுது!" என்று கத்தி நிறுத்தினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். தராசைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. மூக்குத்தியைக் கழற்றி நீட்டினாள். "தம்பி, இது தங்கந்தானா பாத்து சொல்லுப்பா. பத்து வருசமா எங்க வூட்டுக்காரரு தங்கம் தங்கம்னு சொல்லிக்கினு கீறாரு."

உரைகல் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டடி தள்ளி இருந்தே அது கவரிங் என்று சித்தார்த்தனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். "நல்லா உழைக்கும்மா. பத்திரமா வெச்சிக்குங்க" என்றார். தைலம்மாள் திருப்தியோடு போனாள்.

கப்பை வெறுமையாக வைத்தார். இருபத்து நாலு கிராம். அதைக் கழித்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மைதாவை மெதுவாகக் கரண்டியால் அள்ளிப் போட்டு நிரப்பினார். தொண்ணூற்றாறு கிராம், பன்னிரண்டு சவரன். சந்தேகம் வந்தது. கொட்டிவிட்டு, மைதா டப்பாவுக்குள் கப்பையே விட்டு மொண்டு, மேசையில் இரண்டு தட்டு தட்டி நிரப்பினார். நூற்றிருபது, பதினைந்து சவரன். ஒரே கப், ஒரே மைதா. நடுவில் மூன்று சவரன் காணாமல் போயிருந்தது. கம்பெனியில் இப்படி ஆனால் வேலை போய்விடும்.

கலையரசிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கலை, நீ மாவு ரொப்பும்போது கப்ப தட்டுவியா, தட்ட மாட்டியா?"

"தட்டுவேன்."

"எத்தினி தட்டு?"

"அதெல்லாம் யாரு எண்ணுனாங்க? மனசுக்குத் திருப்தி ஆவுற வரைக்கும் தட்டுவேன்."

"திருப்தி எத்தினி தட்டுல ஆவும்?"

"அது அன்னன்னிக்கி நீங்க பேசுறதப் பொறுத்து."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. போனைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டாள். "அண்ணி, இவுரு பேசுறது எனக்கு ஒண்ணும் புரியல. ஃபேன நிறுத்திட்டு உசுர வாங்கறாரு. கேக்குக்கா இதெல்லாம்? நீங்களே சொல்லுங்க, எப்டி ரொப்புவீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம். பிறகு, "டப்பாக்குள்ள வுட்டு மொண்டு, ரெண்டு தட்டு தட்டி, வெரலால வழிச்சி வுடுவேன் அன்பு" என்று குரல் வந்தது. "ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?"

அவ்வளவுதான். அன்புச்செல்வி ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து "ஆமா அண்ணி", "அப்டியா அண்ணி" என்று கேட்டது. திடீரென்று பெரிய சிரிப்பு. "அய்யோ, இங்கியும் அப்டித்தான் நின்னுக்கினு கீறாரு!"

தன்னைப் பற்றித்தான் என்று சித்தார்த்தனுக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. காதை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டே சர்க்கரையைப் போட்டார், பத்தொன்பதரைச் சவரன். தயிரைப் போட்டார். எண்ணெயைப் போட்டார். ஒவ்வொரு தடவையும் கப்பின் மூன்று சவரனை முறையாகக் கழித்தார். கடைசியாக பேக்கிங் பவுடர். அது ஸ்பூன் கணக்கு. ஸ்பூன் வீட்டிலேயே இருக்கிறதே, அதை ஏன் எடை போட வேண்டும் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். சித்தார்த்தன் அரைகுறையாக எதையும் விடுகிறவர் இல்லை. பவுடரோடு ஸ்பூனைத் தராசில் வைத்தார். உள்ளே மறுபடி சிரிப்பு. இந்த முறை "சவரன்" என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. பத்தொன்பது கிராம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கலையரசியை உட்கார வைத்துவிட்டு, "மொதல்ல சின்னதா ஒண்ணு போட்டுப் பாப்போம்" என்றார். மைதா முப்பது சவரன், சர்க்கரை இருபத்தொன்பதே கால் சவரன் என்று ஒவ்வொன்றாக எடை போட்டுக் கொடுக்கக் கொடுக்க, அவள் கலக்கினாள். ஃபேன் நின்றிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பும் நின்றிருந்தது. பேக்கிங் பவுடரை அவர் ஒரு காகிதத்தில் குவித்து நீட்டியபோது அவள் கை தயங்கியது.

"இன்னாங்க இம்மாங்கீது? நான் இத்துனூண்டுதான் போடுவேன்."

"கண்ண நம்பாத கலை. கண்ணு ஏமாத்தும். எடைய நம்பு."

நம்பினாள்.

ஓவனுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். மாவு எழுந்தது. "பாத்தியா, பாத்தியா" என்றார் சித்தார்த்தன். மாவு எழுந்துகொண்டே இருந்தது. தட்டின் விளிம்பைத் தொட்டது, தாண்டியது, ஒரு குடை மாதிரி விரிந்தது, மேலே இருந்த கம்பியைத் தொட்டது. கம்பியில் பட்டதும் சுருசுருவென்று புகைந்தது. பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டது போல, நடுவில் ஒரு பெரிய பெருமூச்சு விட்டு உள்ளே விழுந்தது. எரிமலைக்கு வாய் வைத்தாற்போல் ஒரு பள்ளம். ஓரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக ஓவனின் அடியில் விழுந்துகொண்டிருந்தது.

சித்தார்த்தன் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். துணி துவைத்த தண்ணீரில் சர்க்கரை போட்டாற்போல் இருந்தது. இருந்தாலும் விழுங்கினார்.

கலையரசி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓவனைத் திறந்து வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து, "அத ஏன் கேக்குற அன்பு..." என்று ஆரம்பிப்பது கேட்டது. சித்தார்த்தன் தனியாக ஓவனைத் துடைத்தார்.

வியாழக்கிழமை காலை. கம்பெனியில் முதல் ஆளாக ஓர் அம்மாள், வேங்கடேசன் என்ற தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சிவப்புக்கல் பதித்த ஒரு ஜோடிக் கம்மல். சித்தார்த்தன் வழக்கம் போல எடை போட்டார். கல் எடையைக் கழிப்பதற்காகக் கம்மலைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கம்மலை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார்?" என்றார் அந்த அம்மாள். "டேய் வேங்கடேசா, நான் அப்பவே சொன்னேனே, அந்தக் கடையில வாங்க வேணாம்னு!"

"கழிக்கல" என்றார் சித்தார்த்தன்.

"எது சார் கழிக்கல?"

"ஸ்பூன கழிக்கல!"

அம்மாளும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்மலுக்கும் ஸ்பூனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் சித்தார்த்தன் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டார். "கலை! தப்பு என்னோடது. பவுடர் நாலு கிராம்தான். அரைச் சவரன்! மீதி பதினஞ்சும் ஸ்பூனோட எடை. ஸ்பூன கேக்குல போட்டுட்டேன் கலை!"

அந்தப் பக்கம் கலையரசி அமைதியாகச் சொன்னாள்: "தெரியும். காலையிலயே அன்பு சொல்லிட்டா. ஸ்பூன அப்டியே தூக்கி தராசுல வெச்சத அவ உள்ளயிருந்து பாத்துக்கினுதான் இருந்தாளாம். நகைக்காரரு, நமக்கு இன்னா தெரியும்னு சும்மா இருந்துட்டாளாம்."

இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு குந்துமணிக் கல்லைக் கூடக் கழிக்காமல் விட்டதில்லை அவர். திரும்பி வந்து, அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, கம்மலின் கல் எடையை மூன்று தடவை சரிபார்த்தார். சுத்தமான தங்கம் என்று அவர் சொன்ன பிறகும் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் போகவில்லை. கம்மலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "வேற எங்கியாச்சும் காட்டிட்டு வர்றோம் சார்" என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு அதிகமாக இருந்தது. சமையலறையில் அன்புச்செல்வி, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முட்டிக்கால் போட்டு ஓவனின் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவர் துடைத்த லட்சணம். மேசை மேல் கப்.

"வாண்ணா" என்றாள் அவள், அவர் விருந்தாளி மாதிரி. "கை கழுவிக்கினு வந்து எடை போட்டுக் குடு. வாய் மட்டும் தொறக்காத."

சித்தார்த்தன் தராசை எடுத்து வைத்தார். ஃபேனை நிறுத்தக் கை நீட்டினார். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கையை மடக்கிக்கொண்டார். ஃபேன் சுற்றியது. எண்கள் ஆடின. ஆடுவது நின்று நின்று படித்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று கலையரசி தன் வழியில் கப்பால் மொண்டு தட்டிக் கொடுக்க, அதை அவர் தராசில் வைத்துச் சரிபார்ப்பது என்று ஏற்பாடு. முதல் கப் மைதா பதினைந்து சவரன் வந்தது. கலையரசி நிமிர்ந்து நின்றாள். இரண்டாவது கப் பதினாறரை. மூன்றாவது பதினாலு. நாலாவது பதினேழு.

"இன்னாங்க, ஒவ்வொரு வாட்டியும் வேற வேற வருது? நான் ஒரே மாதிரிதானே தட்டறேன்?"

சித்தார்த்தனுக்குப் பேச வாய் துடித்தது. தங்கை முறைத்ததால் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கலையரசிக்கு இப்போதுதான் ஒன்று புரிய ஆரம்பித்தது. ஒரே மாதிரி செய்தும் சில நாள் கேக் பஞ்சு மாதிரி வரும், சில நாள் செங்கல் மாதிரி வரும். ஓவன் சரியில்லை, கரண்ட் சரியில்லை, தயிர் சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது குற்றம் சொல்லி வந்திருக்கிறாள். அவள் மெல்ல அன்புச்செல்வியின் பக்கம் திரும்பினாள்.

"அன்பு, உன் வூடு குடிபோன அன்னிக்கி செஞ்ச கேக்கு..."

"அண்ணி, அத வுடுங்க."

"இல்ல, சொல்லு. வறண்டா இருந்துச்சு?"

அன்புச்செல்வி அண்ணனைப் பார்த்தாள், ஓவனைப் பார்த்தாள், தப்பிக்க வழியில்லை என்று கண்டுகொண்டாள். "கொஞ்சம். அன்னிக்கி கப்ப ரொம்ப தட்டிட்டீங்க போல."

"அன்னிக்கி காலையில இவுரு கூட சண்ட" என்றாள் கலையரசி. "போட்டுத் தட்டுனேன்."

இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைதா பறந்தது. தராசு கன்னாபின்னாவென்று ஆடியது. இரண்டு வருஷமாக விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எத்தனையோ சொற்களைத் தேய்த்துத் துடைத்து, கழித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், இப்போது தன் பங்குக்கு வேலை எதுவும் மிச்சமில்லாமல் நின்றார். அது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, லேசாக வருத்தமாகவும் இருந்தது.

முடிவில் எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் செய்தார்கள். பேக்கிங் பவுடரை மட்டும் கலையரசி ஸ்பூனால் போட்டாள். அவர் எடை போட்டுக் கொடுத்த காகிதத்தை அன்புச்செல்வி மரியாதையாக வாங்கி, ஒரு தடவை பார்த்து, ஓரமாக வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஆறு கிலோ கேக் நடு மேசையில் இருந்தது. கலையரசி கிரீமால் ஒரு தொட்டிலும் ஒரு ஸ்லேட்டும் வரைந்திருந்தாள். கோவிந்தம்மாள் டீச்சர் கழுத்தில் மாலையோடு ஒரு துண்டைச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார். "சுகர் கீதே டீச்சர்" என்று யாரோ நினைவூட்டினார்கள். "அதான் இன்னியோட ரிட்டையர் ஆயிட்டேனே" என்று சொல்லிவிட்டு மூன்றாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். கலையரசியைக் கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளினார். "இவ்ளோ மெத்துனு எப்டிம்மா வந்துச்சு?"

கலையரசி சொல்வாள் என்று சித்தார்த்தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"எங்க நாத்தனா வந்து ஒத்தாச பண்ணாங்க டீச்சர்" என்றாள் கலையரசி.

அன்புச்செல்வி சனிக்கிழமையும் தங்கினாள். ஞாயிறு காலைதான் கிளம்பினாள். கப்பைக் கலையரசியிடமே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். "வேணாம் அன்பு, அரிசிக்கு வேணுமே" என்று இவள் பையில் போட, "இருக்கட்டும் அண்ணி" என்று அவள் வெளியே எடுக்க, கப் நாலைந்து முறை கை மாறியது. கடைசியில் யார் கையில் தங்கியது என்று சித்தார்த்தன் கவனிக்கவில்லை. அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அன்புச்செல்வி ஜன்னலோர இடம் பிடித்தாள். கலையரசி கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கேரட் கேக்கில் கேரட்டைத் துருவி அளப்பதா, அளந்து துருவுவதா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. கலையரசி கம்பியை விடாமல் நாலு எட்டு கூடவே நடந்தாள். "ஏம்மா, ஏறு, இல்லாட்டி கைய வுடு!" என்று கண்டக்டர் கத்தியதும்தான் கையை விட்டாள்.

பஸ் திரும்பி மறைந்தது. சித்தார்த்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு இட்லி சாப்ட்டு போலாமா கலை? காலையிலயிருந்து யாரும் எனக்கு ஒண்ணும் தரல" என்றார்.

கலையரசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கையிலிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, கணவருக்கு ஒரு விரலைக் காட்டி, "இருங்க" என்று சைகை செய்தாள்.

"சொல்லு அன்பு" என்றாள்.

சித்தார்த்தன் தனியாகவே ஓட்டலுக்குள் நுழைந்தார்.